அழற்சியும் ஒற்றை உணவு வைத்தியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அழற்சியைப் போக்கும் உணவுகள் என்று மஞ்சள், கருஞ்சீரகம், ஆளி விதை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதி வருகிறீர்கள். நோக்கம் நல்லதே. ஆயினும், மும்பை சயானில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் நான், அவை வாசகர்களிடம் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதை நாள்தோறும் காண்கிறேன். தாராவியிலிருந்து வரும் ஓர் அம்மா, பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த துண்டைக் காட்டி, "இந்தப் பொடியைச் சாப்பிட்டால் சுகர் மாத்திரையை விட்டுவிடலாமா?" என்று கேட்டார். இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதே அழற்சி; உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அது சில நாளில் அடங்கிவிடும். கவலைக்குரியது, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மெல்லிய அழற்சி. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடாமல் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் கல்லீரல், அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவதற்கும், ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுவதற்கும் இந்த நிலை துணைபோகிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், கொலஸ்டிராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் அதே மருந்தால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அழற்சியை அடியோடு ஒழிப்பது நம் வேலையன்று.

உணவைப் பொறுத்தவரை, தனியொரு பொருளைவிட முழுச் சாப்பாட்டுக்கே சான்று வலுவாக உள்ளது. மஞ்சள் தூளில், அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் குர்குமின் என்னும் பொருள் சில விழுக்காடுதான். அதையும் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. குழம்பில் அது இருக்கட்டும், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம். மாறாக, பயறு, கீரை, காய்களின் நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் குடற்சுவரைக் காப்பதோடு அழற்சியையும் தணிக்கின்றன.

நம்மவர் வாழ்க்கையையும் பாருங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வர வேண்டும். வாசலில் கிடைப்பது மைதாவில் செய்த பாவ் ரொட்டியும், பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்த வடாவும், சர்க்கரை தூக்கலான கட்டிங் டீயும்தான். அன்றாடக் காலை உணவும் அதுவே என்கிறார்கள். கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடி வந்துபோகிறவர் இரவு பத்தரைக்குச் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, விடியுமுன் எழுகிறார். தூக்கக் குறைவும் அழற்சியைக் கூட்டக்கூடியது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

ஆகவே இவர்களால் செய்யக்கூடியதை எழுதுங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்போ சுண்டலோ வைப்பது, நாளொன்றுக்குச் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது, இரண்டு ஸ்டேஷனுக்கு இடையிலாவது நடப்பது, புகையிலையை விடுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை என்பதை ஒரு தையல் டேப்பைக் கொண்டே அறியலாம்.

ஓர் உணவைப் பரிந்துரைக்கும்போது, அதன் பயன் மனிதரிடம் கண்டதா, எலியிடம் கண்டதா, சோதனைக் குழாயில் மட்டும் கண்டதா என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன். மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்ற வரியை, அடிக்குறிப்பாக அல்லாமல், கட்டுரையின் முதல் பத்தியிலேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான், மும்பை