கேம் ஆடாத மாதத்துக்கும் பணமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். போன ஜூனில் மகன் பிளஸ் டூ வந்ததும் கேம் கன்சோலைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம். அது அவனே எடுத்த முடிவு. மார்ச் மாதம் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கேம் சந்தாவுக்கென்று (பணம் கட்டும்வரை நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கேம்களை ஆடலாம்) என் மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 600 சொச்சம் ரூபாய் 8 மாதமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கூட்டினால் 5,000 ரூபாய்க்குப் பக்கம்.

நிறுத்த மறந்தது நாங்கள்தான், சரி. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவலும் வந்திருக்கிறது, கரண்ட் பில், ஓடிபி, கடன் விளம்பரம் என்று குவியும் மெசேஜ்களுக்கு நடுவே. அதில் தொகை இருந்தது, தேதி இருந்தது. இந்தச் சந்தாவில் பல மாதமாக யாரும் ஆடவில்லை என்ற விஷயம் மட்டும் இல்லை. எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினான் என்று குறித்து வைத்திருக்கும் கேம் நிறுவனத்துக்கு, ஆடாமல் இருந்தது தெரியாமலா போகும்?

முன்பெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஸ்க் வாங்குவான். ஆடி முடித்ததைக் கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறொன்று எடுத்து வருவான். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்துதான் காசு கேட்க வேண்டும். "போன கேமை முடிச்சியா?" என்று நான் கேட்பேன். எங்கள் வீட்டில் அந்தச் செலவைக் கட்டுக்குள் வைத்திருந்தது அந்த ஒரு கேள்விதான். சந்தா வந்தபின் அதைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் போனது. நூற்றுக்கணக்கான கேம்கள் கிடக்கின்றன; பத்தைத் தொட்டான், ஒன்றையும் முடிக்கவில்லை. பாதி ஆடிய ஒன்றைச் சந்தாப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறோம் என்றது நிறுவனம். தள்ளுபடியில் அதைத் தனியாக வாங்கினோம். வாடகையும் கொடுத்து விலையும் கொடுத்த கதை.

சந்தாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்கான புது கேம் ஒன்று 5,000 ரூபாய் வரை விற்கிறது. அதை வாங்க முடியாத பிள்ளைகளும் இதனால் பல நல்ல கேம்களை ஆடுகிறார்கள்.

நீங்கள் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஏமாற்று உத்திகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டன. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பதும் சிக்கலாக்குவதும் தவறு என்கிறீர்கள். நல்லது. ஆனால் எங்களுக்கு ரத்து செய்யும் பட்டன் கண்ணெதிரேதான் இருந்தது. அதைத் தேட வேண்டும் என்ற நினைப்புதான் வரவில்லை.

இதற்கு வழி உண்டு. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்டதால், 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கேம் சந்தாக்களுக்கு ஓர் உறுதி கொடுத்தது. நெடுநாள் ஆடாமலே பணம் கட்டுபவர்களைத் தொடர்புகொண்டு நிறுத்தும் வழியைச் சொல்ல வேண்டும். அப்புறமும் ஆடவில்லை என்றால் நிறுவனமே பணம் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். இதையே இந்தியாவில் எல்லா கேம் சந்தாக்களுக்கும் விதியாக்குங்கள். 3 மாதம் ஒருவர் உள்ளே நுழையவே இல்லை என்றால் 4வது மாதம் பணம் போகக் கூடாது. மறுபடி ஆட வரும்போது அவரே கட்டிக்கொள்வார்.

மகனுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. கன்சோலை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
பெரம்பூர், சென்னை