அரான்ஹுவெஸ் கேட்ட வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத முடியாமல் போனதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காயும் புடவையின் கரைகூட இப்போது தெரிகிறது. ஆனால் ஒரு வாரம் டிவி, போன், பேப்பர் எதையும் தொடக்கூடாது என்று மகள் கட்டளை போட்டுவிட்டாள். சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் அவளே ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைத்து, "என்னப்பா போடட்டும்?" என்றாள்.

'கொன்சியெர்தோ தெ அரான்ஹுவெஸ்' என்றேன். கிடாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய, மூன்று பாகம் கொண்ட இசை. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீ கேசட்டில் போட்டுக் காட்டுவாயே, அதுதான். நமக்கு அன்று பெயர்கூடத் தெரியாது. "அந்தச் சோகப் பாட்டைப் போடுடா" என்போம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோதுதான், அதை எழுதிய ஹொவாகின் ரொட்ரீகோவுக்குக் கண் தெரியாது என்பது எனக்கு முழுசாக உறைத்தது. 1901இல் பிறந்தவர். மூன்று வயதில் டிப்தீரியா வந்து பார்வை போய்விட்டது. பிரெய்லியில் எழுதி, பிறகு ஒவ்வொரு சுரமாக வாயால் சொல்லிப் படியெடுக்க வைப்பாராம். மனைவி விக்டோரியா கம்ஹி, பியானோ வாசிக்கிறவர், கூடவே இருந்து பிழை பார்ப்பார். இன்னொன்று கேள். ரொட்ரீகோ கிடார் வாசிக்கிறவரே இல்லை, பியானோக்காரர். விரல் போகாத வாத்தியத்துக்கு அவர் எழுதியதைத்தான் இன்று உலகத்துக் கிடார்காரர்கள் எல்லாரும் வாசிக்கிறார்கள்.

அரான்ஹுவெஸ் ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குத் தெற்கே தாஹோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே அரண்மனை, பெரிய தோட்டங்கள். மக்னோலியா வாசனை, பறவைச் சத்தம், நீரூற்றுகள் பாய்கிற ஓசை, இவைதான் மனதில் இருந்தன என்று ரொட்ரீகோ சொல்லியிருக்கிறார். காதாலும் மூக்காலும் பார்த்த தோட்டம். 1939இல் பாரிஸில் உட்கார்ந்து எழுதி முடித்தார். அடுத்த வருஷம் நவம்பரில் பார்சிலோனாவில் ரெஹினோ சாயின்ஸ் தெ லா மாசா என்ற கிடார்காரர் முதன்முதலாக வாசித்தார்.

கிடார் எவ்வளவு சன்னமான வாத்தியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் டிரம்ஸ் ஆரம்பித்ததும் உன் ரிதம் கிடார் எங்கே போகும்? அதை ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரே நிறுத்தினால் அமுங்கிப்போகும். ரொட்ரீகோ என்ன செய்கிறார் என்றால், கிடார் பேசும்போது மற்றவர்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார். ஒரு புல்லாங்குழல், ஓபோ என்ற இன்னொரு குழல், தந்தியைச் சுண்டிவிடும் வயலின்கள், அவ்வளவுதான் அதைச் சுற்றி. ஆர்கெஸ்ட்ரா முழு பலத்தோடு எழும் இடத்தில் கிடார் பேசாமல் இருக்கும்.

முதல் பாகத்தின் தொடக்கத்தைப் போட்டுக் கேள். அடியில் டபுள் பாஸ் என்ற பெரிய அடிக்குரல் வயலின் ஒரே சுரத்தை மெல்லப் பிடித்திருக்க, கிடார் தனியாக ஸ்ட்ரம் செய்துகொண்டு வருகிறது. மூன்று மூன்றாக ஒரு தரம், இரண்டு இரண்டாக ஒரு தரம். நான் படுக்கையில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். தகிட தகிட, தக தக தக. ஸ்பெயினின் ஃபிளமென்கோ பாட்டு, ஆட்டக்காரர்களின் புலேரியா என்ற தாளம் இருக்கிறதே, அதன் பன்னிரண்டு தட்டும் இப்படித்தான் உடைகிறது: 12இல் ஒரு அழுத்தம், பிறகு 3, 6, 8, 10இல். தகிட தகிட தக தக தக, மொத்தம் பன்னிரண்டு. நம் வீட்டுச் சொல்லிலேயே அது முழுசாக அடங்கியதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! மனைவியைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன். "கண்ணைத் திறக்காதீர்கள்" என்றாள்.

அதனால்தானோ என்னவோ, நான் பாக்கோ தெ லூசியா வாசித்ததையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அல்ஹெசிராஸில் பிறந்த ஃபிளமென்கோ கிடார்காரர். குடும்பமே அந்த இசையில் ஊறியது. நொட்டேஷன் படித்து வளர்ந்த ஆள் இல்லை. 1991இல், நாற்பத்து மூன்று வயதில், இதைக் கற்றுக்கொண்டு மேடையில் வாசித்தார். கிளாசிக்கல்காரர்கள் இடது காலை ஸ்டூலில் உயர்த்தி வைப்பார்கள்; இவரோ கால்மேல் கால் போட்டு, அதன்மேல் கிடாரை வைத்துக்கொண்டு வாசித்தார். நாதத்தின் மெருகைவிடத் தாளம் அச்சாக விழுவதே முக்கியம் என்று நினைத்தார். சிலருக்கு இது கரடுமுரடாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. முதல் பாகத்தில் ஒவ்வொரு அடியும் தரையில் குதிகால் விழுவது போல் விழுகிறது. அந்த நிகழ்ச்சிக்கு வயதான ரொட்ரீகோவே வந்து உட்கார்ந்து கேட்டார். கண் தெரியாதவர் எழுதியதை, ஏட்டைப் பார்த்துப் பழகாதவர் வாசிக்கிறார். அந்த அறையில் அன்று காதுக்குத்தான் மரியாதை.

இனி இரண்டாம் பாகம், நம்முடைய அந்தச் சோகப் பாட்டு. மாப்ளே, அதன் பின்கதை அப்போது நமக்குத் தெரியாது. இதை எழுதிய 1939ஆம் வருஷம் விக்டோரியாவுக்கு வயிற்றில் இருந்த முதல் குழந்தை தங்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, ரொட்ரீகோ இரவெல்லாம் வீட்டில் தனியாகப் பியானோவில் இந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தாராம். விக்டோரியாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். முதலில் கிடார் வெறுமனே கார்டுகளை, அதாவது சுரக் கூட்டுகளை, பிடித்துக்கொண்டிருக்கிறது, உன்னை மாதிரி. மெட்டை எடுப்பது கோர் ஆங்லே என்ற நீண்ட குழல். ஒரு சுரத்தில் வந்து நின்று, கொஞ்சம் அசைந்து, மறுபடி அதிலேயே உட்காருகிறது. பிறகு கிடார் அதையே வாங்கி, இழைத்து, குழைத்துப் பாடுகிறது. நடுவே கிடார் தனியாகக் குமுறும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அந்த மெட்டை ஏந்திக்கொண்டு எழும்போது என்னால் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன செய்வது.

அழுகையில் முடியவில்லை. கடைசியில் கிடார் மேலே மேலே ஏறி, ஒரு சின்ன மணியோசை போல் ஆகிக் கரைந்துவிடுகிறது. விக்டோரியா 1997இல் போனார், ரொட்ரீகோ 1999இல். இருவரும் அரான்ஹுவெஸிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி போன பிறகு ஆணியில் மாட்டிய கிடாரை இன்னும் கீழே எடுக்கவில்லை, மூன்றாம் தந்தியும் அறுந்து தொங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். ராத்திரியில் கரண்ட் போனால் அவள் உன்னை வாசிக்கச் சொல்லிவிட்டு விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருப்பாளே. ஒரு செட் நைலான் தந்தி வாங்கி நேற்றுக் கூரியரில் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். மாட்டும்போது பழையதை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றிவிடாதே, ஒவ்வொன்றாக மாற்று. புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் சுருதியில் நிற்காது, உனக்கே தெரியும்.

அடுத்த மாதம் செக்கப் முடிந்ததும் நான் வருகிறேன். முருங்கை இன்னும் காய்க்கிறதா?

உன்,
பழைய அறைத்தோழன்