வாடல் நோய்: மருந்தைவிடக் கன்றில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

வாழையைத் தாக்கும் வாடல் நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், இலைகளில் பூஞ்சணக்கொல்லி தெளிக்குமாறு கூறப்பட்டிருந்தது. இது வீண் செலவு. இந்நோயை உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சணம் மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைகிறது. பெக்டினேஸ், செல்லுலேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து செல் சுவரைக் கரைக்கிறது. அச்சுவரிலிருந்து கரைந்த பெக்டின் என்னும் பொருள் பசையாகித் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிட, வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் மரம் தாகத்தில் சாகிறது. இலையில் அடிக்கும் மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

எங்கள் ரஸ்தாளித் தோட்டத்தில், இலைகள் மஞ்சளித்துக் காம்பொடிந்து தொங்கிய மரத்தின் கிழங்கை வெட்டியபோது உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடின. அதனருகே பச்சைப்பசேலென நின்ற பக்கக்கன்றின் கிழங்கிலும் அதே கோடுகள்! இத்தகைய கன்றுகள்தாம் ஊர் ஊராக விற்பனைக்குப் போகின்றன. இப்பூஞ்சணத்தின் வித்துகளோ மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். எனவே, நோய் கண்ட தோட்டத்துக் கன்றுகளை விற்கத் தடை விதித்து, நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளுக்கும், பாதித்த வயலில் நெல்லை மாற்றுப்பயிராக இடுவோருக்கும் மானியம் வழங்க வேளாண் துறை முன்வர வேண்டும்.

– வாழை விவசாயி, லால்குடி