நூறு மைல் ஓட்டமும் 369 பேரும்

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு இந்த வருடம் ஓட்டத்தில் ஆசை வந்திருக்கிறது. பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறாள், உன் தூரம்!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் காப்புக்காட்டுக்குள்ளேயே நூறு மைல் ஓட விடுகிறார்களே, நாம் ஏன் மேகமலையில் ஒரு ஓட்டம் நடத்தக் கூடாது என்று உங்கள் குழுவில் பேச்சு வந்ததாக எழுதியிருந்தாய். நீங்கள் சொல்வது வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தை. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் அதன் முடிவிடமான ஆபர்ன் ஊர். அதனால் அதைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்கிறேன்.

முதலில் அது குதிரைச் சவாரியாகத்தான் இருந்தது. சியரா நெவாடா மலையைக் குறுக்கே கடந்து ஒரே நாளில் நூறு மைல் போவது. 1955இல் தொடங்கியது. 1974இல் கார்டி ஐன்ஸ்லே என்பவர் குதிரை இல்லாமல், குதிரைகளோடு சேர்ந்து ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அங்கிருந்துதான் ஓட்டம் பிறந்தது. இன்று ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறார்கள். எடுத்த எடுப்பில் செங்குத்தான ஏற்றம். சுமார் 2,670 மீட்டர் உயரத்தில் இருக்கும் எமிக்ரன்ட் கணவாயைத் தாண்டினால் கிரானைட் சீஃப் என்ற காட்டுப் பகுதிக்குள் பாதை இறங்கும். முப்பது மணி நேரத்துக்குள் 161 கி.மீ. முடித்தாக வேண்டும்.

உங்கள் குழு கவனிக்க வேண்டியது அந்தக் கிரானைட் சீஃபைத்தான். 1984இல் அதைச் சட்டப்படி வனாந்தரப் பகுதியாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் அப்படி அறிவித்த இடத்தில் சாலை, மோட்டார், சைக்கிள் எதுவும் கூடாது. போட்டி நடத்தவும் கூடாது. இந்த ஓட்டம் அதற்கு முன்பே நடந்து வந்ததால், பழைய அளவைத் தாண்டாமல் நடத்திக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். அந்த அளவு 369 பேர். பாதையில் சில கிலோமீட்டர்தான் அந்தப் பகுதிக்குள் போகிறது. ஆனால் மொத்த ஓட்டத்துக்கும் அந்த எண்தான் எல்லை. இப்போது பத்தாயிரம் பேர் அளவுக்கு விண்ணப்பிக்கிறார்கள், எல்லாரும் தகுதி ஓட்டம் ஒன்றை முடித்தவர்கள். டிசம்பரில் குலுக்கல். பெயர் விழாதவருக்கு அடுத்த வருடம் சீட்டு இரட்டிப்பாகும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று. அப்படியும் வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கட்டணத்தை ஏற்றி, ஆளைக் கூட்டி, எவ்வளவோ பணம் பண்ணியிருக்கலாம். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஓட்டத்திலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. குலுக்கலில் பெயர் விழுந்தாலும் எட்டு மணி நேரம் உடலுழைப்போ தொண்டோ செய்துவிட்டுத்தான் ஓட முடியும். நான் பாதை வேலைக்குப் போவேன். பனி உருகியதும் பார்த்தால் பாதைக்குக் குறுக்கே மரங்கள் விழுந்து கிடக்கும். வனாந்தரப் பகுதிக்குள் மோட்டார் ரம்பம் கூடாது. அதனால் இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து இழுக்கும் நீள ரம்பம்தான். அதைப் பிடிக்கப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளவே கூடாது, தள்ளினால் அலகு வளைந்து மாட்டிக்கொள்ளும். அறுத்த துண்டைத் தரையில் உட்கார்ந்து காலால் உருட்டித் தள்ளுவது எங்கள் வேலை. அப்புறம் மண்வெட்டி எடுத்து, மழைத் தண்ணீர் பாதையோடு ஓடாமல் சரிவில் இறங்கிப் போகச் சின்ன வாய்க்கால் வெட்டுவோம். கொண்டை ஊசி வளைவில் யாராவது சுற்ற மனமில்லாமல் குறுக்கே இறங்கியிருந்தால் அந்தத் தடத்தில் அடுத்த மழையில் மண் அரித்து ஓடை விழுந்திருக்கும். கல்லும் கிளையும் போட்டு அதை மூடுவோம். ஒரு நாள் இப்படி வேலை செய்தவர் அடுத்த முறை குறுக்கே இறங்க மாட்டார்.

ஓட்டத்தன்று இரவு ரக்கி சக்கி என்ற இடத்தில், 125 கி.மீ. தாண்டிய பிறகு, அமெரிக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் கயிறு, கூடினால் ரப்பர் படகு. கயிற்றோரம் தொண்டர்கள் மாற்றி மாற்றி இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று ஓடி வருகிறவர்களைப் பிடித்துக் கரை சேர்ப்பார்கள். போன முறை நானும் நின்றேன். குளிரில் கால் மரத்துப்போனது. வருகிறவர்கள் பேசக்கூடத் தெம்பில்லாமல், நம் கையை மட்டும் இறுக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பிடியில் இருக்கும் நம்பிக்கைக்காகவே மறுபடியும் நிற்பேன்.

இப்போது மேகமலை. செல்வி, வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு அது. நடந்து போகிறவனின் சத்தம் யானைக்கு முன்பே எட்டும், விலகிப் போக நேரம் இருக்கும். ஓடி வருகிறவன் வளைவில் திடீரென்று முன்னால் நிற்பான். கரடியும் காட்டுமாடும் பெரும்பாலும் அப்படித் திடுக்கிட்டால்தான் பாய்கின்றன. 1994இல் ஆபர்ன் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பூமா என்ற மலைச் சிங்கம் அடித்துக் கொன்றது. மனிதர் இத்தனை நடமாடும் இடத்திலேயே அப்படி. அதோடு தீ. 2008இல் காட்டுத்தீயால் இந்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள்.

ஆனால் ஓட்டத்தைக் கைவிட வேண்டாம். சின்னமனூரிலிருந்து சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எத்தனை வண்டிப்பாதைகள் இருக்கின்றன! மலையைப் பார்த்தபடியே ஓடலாம். நூறு பேருக்கு மேல் வேண்டாம் என்று முதல் வருடமே முடிவு செய்துவிடுங்கள். ஓட வருகிற ஒவ்வொருவரும் அரை நாள் பாதை வேலை செய்யட்டும். தோட்டக்காரர்களிடம் பேசப் போகும்போது மருந்தடிக்கும் நாட்களைக் கேட்டுக்கொள், அந்த நாட்களில் அங்கே மூச்சு வாங்க ஓடக் கூடாது.

ஜனவரியில் வருகிறோம். அதற்குள் நீங்கள் யோசித்திருக்கும் வழியை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எங்கே தண்ணீர் வைக்கலாம், எங்கே நிழல் இருக்கிறது என்றும் குறித்து வை.

அன்புடன்,
வசந்தி