நின்றுபோன சர்வரை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்து சர்வர் நள்ளிரவில் நின்றுபோனது பலருக்குத் தெரியும். பதிவான ஒரு முடிவுகூடத் தொலையாமல் அது திரும்பி வந்ததும் தெரியும். மீட்டுத் தந்தவர்கள் யார் யார் என்பதுதான் வெளியே தெரியாது. அவர்களில் சிலர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி கூடத்துச் சகோதரிகளுக்கு. திரை உறைந்ததுமே நோட்டையும் கார்பன் தாளையும் எடுத்துவிட்டார்கள். மாதிரி எண், நோயாளி பெயர், படுக்கை எண், முடிவு என்று கட்டம் போட்டு எழுதி, ஒரு நகலைக் கிழித்து வார்டுக்கு அனுப்பினார்கள். "நீங்க நிதானமா பாருங்க சார், நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றார்கள். சர்வர் எழுந்த பிறகு அத்தனையையும் ஒன்று விடாமல் கணினியில் ஏற்றியதும் அவர்கள்தான். அந்த நிதானம் கிடைக்காமல் போயிருந்தால் இதில் ஒன்றையும் ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

அந்த சர்வர் தனி இயந்திரம் கிடையாது. ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்களை) ஓட்டும் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருளின் மேல் ஓடும் பல விஎம்களில் ஒன்று. உள்ளே லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல், மேலே தொடர முடியாத பிழையில் விழுந்து (கர்னல் பேனிக்) எல்லாம் நின்றுவிட்டது. ஆனால் விஎம்களைத் தாங்கும் நிஜ இயந்திரமான ஹோஸ்டில் பார்த்தால் விஎம் 'ரன்னிங்' என்றே காட்டியது. உள்ளே கர்னல் விழுந்தது ஹைப்பர்வைசருக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

அந்த நேரத்தில் யாருக்கும் கை ரீபூட்டுக்குத்தான் போகும். அதைத் தடுத்தவர் என்னோடு முன்பு வேலை பார்த்த அண்ணன் ஒருவர். நடுராத்திரியில் போனை எடுத்து, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். "தம்பி, ரீபூட் மட்டும் பண்ணிடாதீங்க. உள்ள கர்னல்தான் போயிருக்கு, மெமரி இன்னும் ஹோஸ்ட் கையில இருக்கு. முதல்ல அதை எடுத்து வைங்க" என்றார்.

விர்ஷ் டம்ப் கட்டளையை 'மெமரி ஒன்லி' என்ற தேர்வோடு ஓட்டினோம். 16 ஜிபி நினைவகமும் அப்படியே ஒரு கோப்பாக ஹோஸ்டில் இறங்கியது. நிஜ இயந்திரத்தில் இதற்கு முன்கூட்டியே கர்னல் விழும்போது நினைவகத்தைச் சேமிக்கும் கேடம்ப் ஏற்பாட்டை அமைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பவரை அணைத்ததும் தடயம் போய்விடும். ஹைப்பர்வைசரின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது அந்தக் கோப்பு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

அடுத்து, மூல டிஸ்க்கைத் தொடவே கூடாது என்றார் அண்ணன். அதைப் பின்னணியாக வைத்து மேலே, மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் வாங்கிக்கொள்ளும் ஒரு கியூகவ்2 அடுக்கு உருவாக்கி, எல்லாச் சோதனையையும் அதில் செய்யச் சொன்னார். 'படிக்க மட்டும்' என்று மவுன்ட் செய்தாலும் (இணைத்துத் திறந்தாலும்) எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பேடான தன் ஜர்னலை ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மேலடுக்கு இருந்தால் எழுதுவதெல்லாம் அதில் போகும், மூலம் அப்படியே இருக்கும். அவர் போனை வைக்கும்போது விடிந்துவிட்டது. அண்ணா, உங்களுக்கும் உங்கள் தூக்கத்தை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

மேலடுக்கில் விஎம்மை எழுப்பினோம். ஜர்னல் ஓடி முடிந்தது. தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் லாகில் எழுதியது. சற்று நேரத்தில் இணைப்புகளை ஏற்கத் தயார் என்றது. இங்கே நன்றி சொல்ல வேண்டியது, எங்களிடமிருந்து விடைபெற்றுப் போய்விட்ட ஒரு பழைய சக ஊழியருக்கு. வேகம் கூடும், எழுதியதை உடனே டிஸ்க்கில் சேர்க்கும் எஃப்சிங்க்கை அணைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் ஒரே பிடியாக மறுத்தவர் அவர். அணைத்திருந்தால் கமிட் ஆனவை (பதிவாகிவிட்டது என்று தரவுத்தளம் சொன்னவை) டிஸ்க்கைச் சேராமல் கர்னலோடு போயிருக்கும், தரவுத்தளமே கெட்டுப்போயிருக்கலாம்.

ஏன் விழுந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் சென்னையில் இருக்கும் தோழி. எங்கள் கர்னலின் அதே பதிப்புக்கான டீபக் சிம்பல்களை (டம்பில் உள்ள முகவரிகளுக்குப் பெயர் சொல்லும் கோப்பை) தேடி எடுத்தார். டம்ப் கோப்பில் நோயாளிகளின் விவரம் இருக்கும் என்பதால் அதை வெளியே அனுப்பவே கூடாது என்று அவர்தான் முதலில் சொன்னார். எங்கள் இயந்திரத்திலேயே டம்பை அலசும் கிராஷ் கருவியை ஓட்டவைத்து, கர்னல் எந்தெந்த வழியாகப் போய் விழுந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸை வரி வரியாக விளக்கினார். குற்றவாளி, பேக்கப் மென்பொருள் ஒன்று கர்னலுக்குள் ஏற்றும் துணைப்பகுதி (கர்னல் மாட்யூல்). அந்த நிறுவனத்துப் பொறியாளருக்கும் நன்றி. டம்ப் கேட்டு அடம்பிடிக்காமல் பேக்ட்ரேஸை மட்டும் வைத்துப் பிழையைப் புரிந்துகொண்டு, திருத்திய மாட்யூலை அனுப்பினார். அது வரும்வரை பழைய மாட்யூல் ஏறாமல் தடுக்க வேண்டியிருந்தது. லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற கருவியைக் கொண்டு, விஎம்மை எழுப்பாமலே டிஸ்க்குக்குள் போய்த் தடையை எழுதினோம். மேலடுக்கில் சரிபார்த்த பிறகே மூலத்தில்.

இந்தக் கருவிகளை எழுதியவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்களை ஓட்டும் கியூஎம்யூ-வைத் தொடங்கிய ஃபப்ரீஸ் பெல்லார்ட், 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் வந்து சேர்ந்த கேவிஎம்மை எழுதிய அவி கிவிட்டி, லிப்கெஸ்ட்எஃப்எஸ் தந்த ரிச்சர்ட் ஜோன்ஸ், கிராஷ் கருவியைப் பல ஆண்டுகள் பேணிய டேவ் ஆண்டர்சன். இவர்கள் உழைப்பு எங்கோ ஒரு வார்டில் கிடந்த நோயாளிகளுக்கு உதவியிருக்கிறது. தமிழில் எழுதினாலும் அவர்களுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன்.

இப்போது எல்லா விஎம்களிலும் பிவிபேனிக் சாதனத்தைச் சேர்த்துவிட்டோம். கர்னல் விழுந்தால் அது ஹோஸ்டுக்கு உடனே சொல்லும். சோதனை விஎம்கள் விழுந்த நிலையிலேயே நிற்கும்படி 'பிரிசர்வ்' என்று வைத்திருக்கிறோம். பரிசோதனைக் கூடத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. அதனால் அங்கே 'கோர்டம்ப் ரீஸ்டார்ட்'. நினைவகத்தை எடுத்து வைத்துவிட்டு விஎம் தானே எழும். ஆனால் டம்ப் விழும் இடத்தில் போதிய காலியிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு மருத்துவமனைகளில் இதே வேலை பார்ப்பவர்கள் கேட்டால் எங்கள் அமைப்புக் கோப்புகளை அப்படியே தருகிறோம், தயங்காமல் கேளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
மருத்துவமனைக் கணினிப் பிரிவிலிருந்து