போர் போட்டா மட்டும் தண்ணி வந்துருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் க.க.சாவடிகிட்ட இருக்கறோம்ங்க. எங்கப்பா காலத்துல கெணத்துல மாடு பூட்டி கவலை போட்டு தண்ணி எறச்சாங்க, இப்ப அந்தக் கெணத்துல குப்பைதான் கெடக்குது. கோயமுத்தூர் இந்தப்பக்கமா வளந்துட்டே வருது, புது சைட்டு போட்டா மொத வேலை போர்தான், பக்கத்து வீட்ல 800 அடின்னா இவங்க 1,000 அடி. நம்மூரு பூமி கல்லுப்பாறைங்க, மேல இருக்கற மக்குன பாறையிலயும் கீழ வெடிப்புலயும்தான் தண்ணி நிக்கும், அது ஒரு வாட்டி வத்துச்சுன்னா எவ்ளோ ஆழம் போனாலும் புழுதிதான் வரும். போன வருசம் எங்க போரும் அப்படித்தான் போச்சு, மனசு ஆறவே இல்லீங்க.

2003லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, ஆனா முக்காவாசி வீட்ல பைப்பு மட்டும் நிக்குது, குழி மண்ணு மூடிக் கெடக்குது. பார்டர் தாண்டுனா கேரளாவுல பிளாச்சிமடை, அங்க தண்ணிக்காக ஜனங்க போராடி, நெலத்தடி தண்ணிய உறிஞ்சுன கோகோ கோலா பேக்டரியே 2004ல நின்னுச்சு. நாம நம்ம குளத்தையாவது தூர்வார வேண்டாமுங்களா? மழைக்கு முன்னாடி வாய்க்கால் அடைப்பை எடுங்க, பாழுங்கெணத்தை மூடாம மழைத்தண்ணிய வடிகட்டி அதுல விடுங்க, புது போருக்கு பர்மிஷன் குடுக்கறப்ப மழைநீர் சேகரிப்புக் குழிய நேர்ல வந்து பாருங்கன்னு அதிகாரிங்ககிட்ட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, க.க.சாவடி