தமிழ்ப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கும் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். பெரம்பூரில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்து வருபவள் நான். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசாத பிள்ளைகளே, "எல்லாத்தையும் விடத் தமிழ்தான் மிஸ் கஷ்டம்" என்கிறார்கள். பெற்றோரும் அதை ஆமோதிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. அந்தக் கட்டாயம் முடிந்ததும் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாறிவிடும் பிள்ளைகள் இந்த நகரில் எல்லோரும் அறிந்தவர்களே. ஆங்கில மோகம் என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிடுகிறோம். அது முழுக் காரணம் அல்ல என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

247 எழுத்துகள் என்ற எண்ணிக்கை மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில துணைக்குறிகள் ஆகியவற்றை அறிந்தவருக்கு 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவை தாமாகவே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் பழக்கம் வேண்டும். பெரியார் நெடுங்காலம் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றபின் ணா, றா, னா, லை, னை போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்களின் சிக்கலும் தீர்ந்துவிட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தை வரல, வரமாட்டேன், வராதே, வரக்கூடாது என்ற நான்கையும் இடமறிந்து பிழையின்றிச் சொல்கிறது. "வராத பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் நிக்கிறது" என்று அலுத்துக்கொள்ளும்போது எதிர்மறைப் பெயரெச்சத்தையே, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று 'இல்லை' என்ற பொருள் தரும் வினை வடிவத்தையே, அது கையாள்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையிடம் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்ற பெயரைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். "நீ 'ஓடாத குதிரை' என்று சொல்வாய் அல்லவா, அதில் கடைசித் தகரம் விழுந்து 'ஓடாக் குதிரை' ஆயிற்று" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் அச்சத்துக்கு இடமே இருந்திருக்காது.

அண்மையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை நோட்டைப் பார்த்தேன். எடம், எல, வெல, ஒலகம், கொடம் என்று எழுதியிருந்தாள். ஐந்திலும் சிவப்பு வட்டம், ஐந்திலும் 'எழுத்துப்பிழை' என்ற குறிப்பு. உண்மையில் அவை ஐந்து பிழைகள் அல்ல. சொல்லின் முதலில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யுடன் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இந்த ஒரே ஒழுங்குதான் ஐந்திலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவளே "அப்போ நெலம் நிலம், பொகை புகை, ஒடம்பு உடம்பு" என்று அடுக்கத் தொடங்கினாள். பிறகு, "செலவு மட்டும் சிலவா?" என்று கேட்டாள். இல்லை, அது எழுத்திலும் செலவுதான். எல்லாவற்றையும் ஒரு விதி தீர்த்துவிடாது. ஆனால் அப்படிக் கேட்கும் பிள்ளை, மொழியை ஆராயத் தொடங்கிவிட்ட பிள்ளை.

ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ர, ற வேறுபாடு சென்னைப் பேச்சில் இல்லை. காதுக்குக் கேட்காத வேறுபாட்டை எழுதத் தவறுவதைக் கவனக்குறைவு என்பது நியாயமாகாது. நகரம் பெரும்பாலும் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்பும் மட்டுமே வரும் என்பதைக்கூட எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. ஒரே மொழி பேச்சில் ஒரு வடிவமும் எழுத்தில் வேறு வடிவமுமாக வழங்கும் இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் எழுதிய மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன், நாள் முழுதும் அரபு பேசுபவரைப் பற்றியே 'அவருக்கு அரபு தெரியாது' என்று கூறும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டினார். எழுத்து வழக்கு மட்டுமே மொழி என்று கொள்ளப்படும் இடத்தில், பேசுபவர் தம் மொழிக்கே அயலாராகிவிடுகிறார். ஆங்கிலத்தில் தவறினால் "இன்னும் பழகவில்லை" என்கிறோம், தமிழில் தவறினால் "தாய்மொழியில்கூடவா?" என்கிறோம். பிள்ளைகள் கஷ்டம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கேள்வி தரும் கூச்சமே.

பாடநூலைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள் என்று நான் கோரவில்லை. நெல்லைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவாக நிற்பது எழுத்துத் தமிழ்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்குப் போகும் வழி பிள்ளையின் வாய்மொழியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. அங்குள்ள சூழல் வேறு. ஆயினும் பேச்சைப் பிழையாகக் கருதாத அந்த அணுகுமுறை நமக்கும் பொருந்தும்.

அடுத்த முறை நூல்கள் திருத்தப்படும்போது, மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு இயலிலும் பேச்சும் எழுத்தும் அருகருகே நிற்கும் ஒரு பக்கம் வேண்டும். இலக்கணத்தை விதியிலிருந்து தொடங்காமல் பிள்ளைகள் சொல்லும் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும். பேச்சொலியால் நேரும் பிழைக்குத் திருத்தத்தோடு காரணமும் எழுத ஆசிரியர் கையேட்டில் வழிகாட்ட வேண்டும். என் மாணவர்களின் நோட்டுகளிலிருந்து இத்தகைய சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறேன். குழு கேட்டால் உடனே அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி,
பெரம்பூர், சென்னை